கணக்குக் கேட்க ஆள் இருக்கும் வரை

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி யார் பேசினாலும் குடவோலையில்தான் தொடங்குகிறார்கள். ஓலை நறுக்குகளில் பெயர் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்ன அந்தக் காட்சி பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிட்டது. எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்த இடம் வேறு. முதலாம் பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 921-இல் எழுதிய விதிகள் அவை. முன்பு ஊர்ச் சபையின் வாரியம் எனும் குழு ஏதாவது ஒன்றில் இருந்து, கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்கிறது ஒரு விதி.

அதோடு நிற்கவில்லை. அவனுடைய சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், அவளுடைய பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன் என்று ஒரு பட்டியலே போட்டு, இவர்களில் ஒருவர் பெயரும் குடத்தில் விழக் கூடாது என்கிறது. உள்ளாட்சித் தணிக்கையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியலின் அருமை தெரியும். தலைவர் பெயரில் ஒரு ரூபாய் இருக்காது. மச்சான் ஒப்பந்தக்காரராக இருப்பார், மருமகன் செங்கல் சூளை வைத்திருப்பார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார்.

கணக்கு எழுதுகிறவனுக்கும் விதி இருக்கிறது. அவன் தன் காலத்துக் கணக்கைச் சபைப் பெரியவர்களிடம் காட்டி, நேர்மையானவன் என்று பெயர் வாங்கிய பிறகே மறுபடி அந்த வேலைக்கு வரலாம். அவன் எழுதிய கணக்கை அவனே கொண்டுவந்து காட்ட வேண்டும், வேறு ஆள் வந்து முடித்துக் கொடுக்கக் கூடாது. “அதெல்லாம் எனக்கு முன்னால இருந்தவர் எழுதினது சார், எனக்குத் தெரியாது” என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்தவன் நான். அந்தப் பதிலுக்கு அவர்கள் கல்லிலேயே கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு உலகின் முதல் ஜனநாயகம் என்று மார்தட்ட எனக்கு மனமில்லை. அது பிராமணர்களின் சபை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. ஏரியில் இறங்கி மண் வெட்டியவர்களுக்கும் இடமில்லை. ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட குழு இருந்தது, அந்த ஏரியின் சேற்றை மிதித்தவன் அதில் உட்கார முடியாது. ஆனால் அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவர்கள் கண்டுகொண்ட ஓர் உண்மை பெரியது. ஆளுகிறவன் யோக்கியனா இல்லையா என்பதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவன் கணக்குக் காட்டியாக வேண்டும், காட்டாவிட்டால் அவனுக்கும் அவன் வீட்டுக்கும் வலிக்க வேண்டும்.

நல்ல அரசு எது என்று கேட்டால், பல வருடம் பஞ்சாயத்துக் கணக்குகளைப் புரட்டிய எனக்குத் தோன்றும் பதிலும் இதுதான். நல்லவர் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். நல்லவர்கள் வந்ததையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் போன மறு வருடமே பழைய கதை தொடங்கியதையும் பார்த்திருக்கிறேன். கேட்பதற்கு ஆள் இருந்த ஊரில் சுமாரான தலைவர்கூட ஒழுங்காக நடந்துகொண்டார்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏரி தூர்வாரிய வேலைக்கு மஸ்டர் ரோல் என்ற கூலியாட்களின் வருகைப் பட்டியல் இருந்தது. நவம்பர் மாதம், ஆள் பெயர்கள், கைநாட்டுகள், எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் நீளம் அகலம் ஆழம், பொறியாளர் கையெழுத்து என்று எதிலும் குறை சொல்ல முடியாது. அந்தச் செலவு ஏறிய ரொக்கப் பதிவேட்டிலேயே இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு வவுச்சர். ஏரி நிரம்பிக் கரை உடையும் நிலையில் இருந்ததால் சவுக்குக் கம்பும் மணல் மூட்டையும் வாங்கிய செலவு. தேதி அதே வாரம். கரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏரிக்குள்ளே நாற்பது பேர் மண் வெட்டினார்கள் என்று அந்தப் பதிவேடு சொன்னது. தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபம், எழுதினேன். பதில் வரவில்லை. நினைவூட்டல், அதற்குப் பின் இன்னொரு நினைவூட்டல். தலைவர் மாறினார், எழுத்தர் மாறினார், தடை மட்டும் அறிக்கைக்கு அறிக்கை நிலுவைப் பட்டியலில் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது.

அந்த ஊராட்சி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது வீட்டு வரி கட்ட ஓர் அம்மா வந்தார். மேஜை நிறையப் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு, “எங்க ஊரு கணக்கா சார்?” என்றார். ஆமாம் என்றேன். “மெட்ராஸ்லேருந்தெல்லாம் வந்து பாக்கறீங்க, எங்களுக்கு ஒரு நாளும் காட்ட மாட்டேங்கறாங்களே” என்றார். அந்த நவம்பரில் ஏரி நிரம்பியிருந்தது அவருக்கு நன்றாகத் தெரியும். நான் இரண்டு வருடம் கழித்து இரண்டு வவுச்சரை ஒப்பிட்டுக் கண்டுபிடித்ததை, மஸ்டர் ரோலை மறுநாளே அவர் காதில் விழும்படி வாசித்திருந்தால் அவர் அங்கேயே சொல்லியிருப்பார்.

கணக்கு இருப்பது ஒன்று, அது யாருக்குக் காட்டப்படுகிறது என்பது இன்னொன்று. பிரிட்டிஷ் ஆட்சியைப் போலக் கணக்கு எழுதியவர்கள் குறைவு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்த தாது வருஷப் பஞ்சத்தில் எல்லாவற்றுக்கும் புள்ளிவிவரம் இருந்தது. செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. இதே டெம்பிள் சில வருடம் முன்பு பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்து உயிர்களைக் காப்பாற்றியவர், அதற்காகவே மேலிடத்தில் திட்டு வாங்கியவர். சென்னையில் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இந்தக் கூலியில் உழைப்பவன் உடல் தாங்காது என்று எழுத்தில் எதிர்த்தார். தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. கணக்கில் அணா பிசகவில்லை. அந்தக் கணக்கு கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் காட்டப்பட்டது. சேலத்திலும் பெல்லாரியிலும் பசித்தவனுக்கு அதில் கேள்வி கேட்க வழியில்லை. அதனால்தான் நல்ல நிர்வாகம் வேறு, நல்ல அரசு வேறு என்று சொல்கிறேன்.

அரசுகள் ஏன் சரிகின்றன என்று தேடினால், படையெடுப்பு, பஞ்சம், கடன் என்று காரணங்களை அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பல இடங்களில் இவற்றுக்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. ஆளுகிறவர்கள் கணக்குப் பார்ப்பதை நிறுத்துகிறார்கள், அல்லது பார்க்கிறவனின் கையைக் கட்டுகிறார்கள்.

பிரான்சின் பதினான்காம் லூயிக்கு அவருடைய நிதியமைச்சர் கோல்பெர், சட்டைப் பையில் அடங்குகிற சின்னக் கணக்குப் புத்தகங்களைத் தயாரித்துக் கொடுத்துவந்தார். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கடன் இவ்வளவு என்று அரசர் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். 1683-இல் கோல்பெர் இறந்ததும் அரசர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். போர்களும் வெர்சாய் மாளிகையும் விழுங்கியதை எடுத்துச் சொல்லும் புத்தகம் இனி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நூறு வருடம் கழித்து, 1781-இல், நெக்கர் என்ற நிதிப் பொறுப்பாளர் அரசின் வரவு செலவை முதன்முறையாக அச்சிட்டு ஊருக்கு வெளியிட்டார். ஆயிரக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது. ஒரு கோடி லிவர் உபரி என்று அது காட்டியது. அமெரிக்க விடுதலைப் போருக்கான செலவை, அது வழக்கமான செலவு அல்ல என்று சொல்லி வெளியே வைத்துவிட்டுக் காட்டிய உபரி அது. செலவைக் கணக்குக்கு வெளியே தள்ளி உபரி காட்டும் வித்தை எவ்வளவு பழையது பாருங்கள்! இன்று அரசு வாங்க வேண்டிய கடனை அரசு நிறுவனத்தின் பெயரில் வாங்குவதும் இதே வகைதான். ஆறே வருடத்தில், 1787-இல், பின்னால் அதே பொறுப்புக்கு வந்த கலோன் பத்துக் கோடி லிவருக்கு மேல் பற்றாக்குறை என்று பிரபுக்களைக் கூட்டிச் சொன்னபோது யாரும் எந்தக் கணக்கையும் நம்பத் தயாராக இல்லை. வரிச் சலுகை அனுபவித்துவந்த பிரபுக்கள் வரி தர மறுத்தார்கள். 1789-இல் புரட்சி வெடித்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் கண்ணெதிரே நடந்தது இலங்கை. 2022 மார்ச்சில் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அங்கே உள்நாட்டுப் போர் முடிந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்த முறை அவர்களைத் துரத்தியது அரிசி விலையும் பால்மாவும். கொழும்பிலும் கண்டியிலும் மண்ணெண்ணெய், பெட்ரோல் வரிசையில் நின்றவர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள். அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள்.

அந்த நாட்டை நான் ஒரு தணிக்கைக்காரனின் கண்ணால் பார்க்கிறேன். 2019 நவம்பரில் கோத்தாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். டிசம்பரிலேயே மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைந்தது. ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் வியாபாரம் செய்தால் அந்த வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்ததை 30 கோடியாக உயர்த்தினார்கள். சம்பளத்திலேயே பிடிக்கும் வரியை நிறுத்தினார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் வரி வருமானம் 2021-இல் 8 விழுக்காட்டுக்கும் கீழே போனது. கடன் தர நிர்ணய நிறுவனங்கள் இலங்கையின் தரத்தை இறக்கின, வெளிச்சந்தையில் கடன் கிடைக்கவில்லை. மத்திய வங்கி ரூபாயை அச்சடித்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்தார்கள். விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் போகம் போய்விட்டது.

இவை எல்லாச் செய்தித்தாளிலும் வந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 2015-இல் கொண்டுவந்த 19-ஆவது திருத்தம், கணக்காய்வுச் சேவை ஆணைக்குழு என்றும் தேசியப் பெறுகை ஆணைக்குழு என்றும் இரண்டு அமைப்புகளை அரசியலமைப்பிலேயே ஏற்படுத்தியிருந்தது. முதலாவது, தணிக்கை அதிகாரிகளின் நியமனம், இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றை ஆளுகிறவர்களின் கைக்கு எட்டாமல் வைக்க. இரண்டாவது, அரசு கொள்முதல் முறையாக நடக்கிறதா என்று பார்க்க. 2020 அக்டோபரில் நிறைவேறிய 20-ஆவது திருத்தம் இரண்டையும் ஒழித்தது. அதிகாரமெல்லாம் ஜனாதிபதியிடம் குவிந்தது. அமைச்சரவையில் அண்ணன்மார், தம்பி, அண்ணன் மகன் என்று ஒரு குடும்பமே உட்கார்ந்தது. உத்திரமேரூர்ப் பட்டியலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆணைக்குழு ஒழிந்ததால் மட்டும் நாடு கவிழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் சுற்றுலாவை முடக்கின, முந்தைய அரசுகள் வாங்கிய கடன் மலையாக நின்றது. ஆனால் இக்கட்டு வரும்போது, “ஐயா, இது தவறு, வரியைக் குறைக்காதீர்கள், உரத்தை நிறுத்தாதீர்கள்” என்று சொல்லக்கூடியவன், வேலை போகாது என்ற நம்பிக்கையோடு சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கையை முதலில் எடுத்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் மருந்துக்கு டாலர் இல்லாத நேரத்திலும் 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குப் பணம் கட்டினார்கள். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அப்போதைய கடன் சுமார் 5,100 கோடி டாலர். மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில், கையில் செலவு செய்யக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலர்கூட இல்லை என்றார். மூன்று மாதம் கொழும்புக் காலி முகத்திடலில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்த மக்கள் ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். 2022 அக்டோபரில் 21-ஆவது திருத்தம் அந்த இரண்டு ஆணைக்குழுக்களையும் திரும்பக் கொண்டுவந்தது, ஒழித்துச் சரியாக இரண்டு வருடத்தில். 2023 நவம்பரில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது.

தமிழர்கள் இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலி முகத்திடலுக்கு ஐந்து வருடம் முன்பே, 2017 பிப்ரவரியில், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் தெருவோரக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார்கள். போரின் கடைசியில் இராணுவத்திடம் கையளித்த எங்கள் பிள்ளைகள் எங்கே என்பதுதான் அவர்கள் கேட்ட கணக்கு. அதற்கு எந்த அரசும் பதில் தரவில்லை. ஒரு பகுதி மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று பழகிய அரசு, நாளடைவில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கத் தொடங்குகிறது. தெற்கே இருந்தவர்களுக்கு அது புரிய எரிவாயு சிலிண்டர் தீர வேண்டியிருந்தது.

சரிவை நிறுத்த முடியுமா? முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் ராஜஸ்தான். சென்னையில் பிறந்த அருணா ராய் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு அங்கே போனவர். அவரும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் கூலித் தொழிலாளிகளோடு சேர்ந்து 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலைக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை, கேட்டால் நீங்கள் வேலையே செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றபோது அரசு ரகசியம் என்றார்கள். கூலிக்காகத் தொடங்கிய சண்டை பதிவேட்டுக்கான சண்டையானது அப்படித்தான். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில், கிடைத்த மஸ்டர் ரோல்களை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். செத்தவர்கள் பெயரில் கூலி, ஊரிலேயே இல்லாதவர்கள் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எழுந்து நின்று, என் பெயரில் எழுதியிருக்கும் இந்த நாட்களில் நான் வேலைக்கே போகவில்லை என்றார்கள். பதிவேட்டைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். நம் தமிழ்நாடு 1997-இல், இந்தியாவிலேயே முதல் மாநிலமாக, தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல் வந்தது. இந்த நாட்டின் மிக வலுவான சட்டங்களில் ஒன்று, ஐம்பது ரூபாய் கூலிகூடப் பார்க்காத ஜனங்களின் பதிவேட்டுச் சண்டையில் பிறந்தது.

நம் வீட்டுப் பக்கம் வருகிறேன். 2016 அக்டோபரில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மீதி ஒன்பது மாவட்டங்கள் 2021 வரை காத்திருந்தன. அந்த வருடங்களில் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2025 ஜனவரியில், 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் மறுபடி பதவிக்காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் கெட்டவர் என்பதில்லை. ஒரே ஆள் பல ஊராட்சிகளைப் பார்க்கிறார், அவருக்கு அந்த ஊரில் ஓட்டு கேட்கும் வேலை இல்லை, எந்தத் தெருவில் குழாய் வரவில்லை என்று யாரும் அவரை வழியில் மறித்துக் கேட்க முடியாது. எந்தக் கட்சி ஆண்டாலும் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது குற்றம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வரவு செலவு அறிக்கையை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். மொத்தத் தொகையோடு விட்டுவிடாமல், எந்த வேலை, எந்தத் தேதி, யாருக்குப் பணம் போனது என்று கேளுங்கள். ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பட்டியலில் இருக்கும் பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். நிலுவையில் இருக்கும் தணிக்கைத் தடைகள் என்னென்ன என்று கேளுங்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்து, உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.